மாடல் நீராவி இன்ஜினுக்குள் நெருப்பு மூட்டிய அனுபவம்

அறை விளக்கை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால்தான் ஒரு மாடல் ரயிலில் என்ன குறைகிறது என்று தெரியும். என்னிடம் இருப்பது எச்.ஓ. அளவில், அதாவது 1:87 விகிதத்தில், 2-8-2 சக்கர அமைப்புள்ள (முன்னால் இரண்டு சிறு சக்கரம், நடுவில் எட்டு இயக்குச் சக்கரம், பின்னால் இரண்டு சிறு சக்கரம்) சரக்கு இன்ஜின். பகலில் பார்க்க அவ்வளவு அழகு. கரி படிந்த பாய்லர், எண்ணெய் வழிந்த ராடுகள் எல்லாம் நானே வண்ணம் தீட்டியவை. இருட்டில் ஓட விட்டால் அத்தனையும் மறைந்து, முன்னால் நீலம் கலந்த ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் கண்ணைக் குத்தியது. பின்னால் கேப், அதாவது ஓட்டுநர் நிற்கும் அறை, முழுக்க இருட்டு. நெருப்பால் ஓடும் வண்டியில் நெருப்பைக் காணவில்லை.

அதைச் சரிசெய்ய ஐந்தாறு வார இறுதிகள் ஆயின. விரிவாகவே எழுதுகிறேன். முதல் முயற்சியில் நான் செய்ததைத்தான் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

கடையில் கிடைக்கும், சுடர் போலத் தானாகத் துடிக்கும் மெழுகுவர்த்தி எல்.இ.டி. ஒன்றை ஃபயர்பாக்ஸ் (கரி எரியும் அறை) கதவுக்குப் பின்னால் ஒட்டியதுதான் முதல் முயற்சி. எரியத்தான் செய்தது. ஆனால் கேப்புக்குள் யாரோ மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தது போலத்தான் இருந்தது. அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். மெழுகுவர்த்திச் சுடர் காற்றில் ஆடும், அதனால் துடிக்கும். ஃபயர்பாக்ஸில் இருப்பது சுடர் மட்டுமில்லை, பல சதுர அடிப் பரப்பில் கனன்று கிடக்கும் நிலக்கரிப் படுகை. சுமையோடு இழுக்கும்போது 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். அந்தச் சூட்டில் அது சிவப்பாகவே இருக்காது. மஞ்சளும் வெள்ளையும் கலந்த ஒளியாக இருக்கும். சிவப்பு என்பது தணிந்த நெருப்பின் நிறம்.

அந்தப் படுகையின் ஒளி கூடிக் குறைவதற்குக் காரணம் புகைபோக்கி. சிலிண்டரில் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியாகப் பாய்ந்து வெளியேறும்போது, நெருப்பின் வழியாகக் காற்றை உறிஞ்சி இழுக்கிறது. இரண்டு சிலிண்டர் இன்ஜினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு முறை இப்படி நடக்கும். சக்கர விட்டம் 1.6 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் நொடிக்கு இரண்டு முறைக்குச் சற்று மேல், 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 13 முறை. மெதுவாகக் கிளம்பும்போது அந்த மூச்சு கண்ணுக்குத் தெரியும். வேகம் பிடித்ததும் எல்லாம் கலந்து, லேசான நடுக்கத்தோடு நிலையான ஒளியாகிவிடும். சரி, துடிப்பைக் குறைக்க வேண்டும், அடிப்படை ஒளியைக் கூட்ட வேண்டும் என்பது புரிந்தது.

இன்னொன்றும் புரிந்தது. இதுதான் இந்த வேலையின் உயிர் என்று இப்போதும் நினைக்கிறேன். இருட்டில் ஓடும் நீராவி இன்ஜினைத் தள்ளி நின்று பார்ப்பவருக்கு நெருப்பு நேராகத் தெரியவே தெரியாது. நெருப்பு பட்ட இடங்கள்தான் தெரியும்: கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனின் கால், பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் டெண்டரின் முன் சுவர், கேப் கூரையின் அடிப்பக்கம். கதவு திறந்தால், மேலே போகும் புகையின் அடிவயிறு கூட ஆரஞ்சாகும். கதவு மூடியதும் எல்லாம் போய்விடும், விளிம்பில் ஒரு கோடு மட்டும் மிஞ்சும். நான் அதுவரை எல்.இ.டி.யை நெருப்பு இருக்கும் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் வைத்த விளக்கால் கூரையை எட்டவே முடியாது.

இடம் பார்க்கும் வேலைதான் கடினம். பல மாடல்களைப் போலவே என்னுடையதிலும் ஃபயர்பாக்ஸ் இருக்க வேண்டிய இடத்தை மோட்டார் அடைத்துக்கொண்டிருக்கிறது. மோட்டாரின் பின்பக்கத்துக்கும், கேப்புக்குள் வால்வுகளும் அளவிகளும் வார்க்கப்பட்டிருக்கும் பலகைக்கும் நடுவில் எனக்குக் கிடைத்த இடைவெளி மூன்று மி.மீ. அதனால் 0603 அளவு எல்.இ.டி.களை எடுத்தேன். ஒன்று 1.6 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. அகலம். 0402 இன்னும் சிறியது, 1 மி.மீக்கு அரை மி.மீ.

கதவு மூடியபடி வார்க்கப்பட்டிருந்தது. ஒரு மி.மீ. டிரில் பிட்டால் கையாலேயே நாலைந்து துளை போட்டு, ஊசி அரத்தால் அவற்றை இணைத்துத் திறப்பாக்கினேன். மின் டிரில் வைத்தால் பிளாஸ்டிக் உருகிச் சுருண்டுவிடும், கை டிரில்தான் சரி. திறப்புக்குப் பின்னால் இரண்டு ஆம்பர் எல்.இ.டி., ஒரு சிவப்பு. முன்னால் பட்டர் பேப்பர் ஒரு அடுக்கு, அதன் மேல் சூடான பசைக் குச்சியைத் துருவிய துணுக்குகள். துணுக்குகளுக்கு தமியா நிறுவனத்தின் கிளியர் ஆரஞ்சு (ஒளி ஊடுருவும் வண்ணம்) பூசி, அங்கங்கே கறுப்பில் தூரிகை நுனியால் தொட்டேன். அந்தக் கறுப்புப் புள்ளிகள்தான் நிலக்கரித் துண்டுகள். எல்.இ.டி. எரியும்போது அவற்றின் விளிம்பு மட்டும் ஒளிர்கிறது. பெரிதாக்கிப் பார்க்கும் கண்ணாடியோடு குனிந்து அதைப் பார்த்த அன்று வெகுநேரம் நிமிரவே இல்லை.

நான்காவதாக, கதவுக்குக் கீழே உள்ள சிறு திண்டின் அடியில் 0402 அளவு வார்ம் ஒயிட் (மஞ்சள் சாயல் வெள்ளை) எல்.இ.டி. ஒன்றை, சுமார் 45 டிகிரி மேல்நோக்கி, டெண்டர் பக்கம் பார்த்தபடி ஒட்டினேன். ஃபயர்மேன் பொம்மையின் இடது கால் அதை மறைக்கும்படி பொம்மையை நகர்த்தி நிறுத்தினேன். அதன் மேல் கிளியர் ஆரஞ்சும் கிளியர் மஞ்சளும் கலந்து ஒரு பூச்சு. கதவு திறந்திருப்பதாகக் காட்டுவது இந்த எல்.இ.டி.தான். நெருப்பு இல்லாத இடத்திலிருந்து வருகிற வெளிச்சம், ஆனால் விழ வேண்டிய இடத்தில் விழுகிறது.

கூரையின் உட்புறம் பளபளப்பான கறுப்பாக இருந்தது. அதில் எல்.இ.டி.யின் பிம்பம் ஒரு புள்ளியாகத் தெரிந்து காட்சியைக் கெடுத்தது. பளபளப்பில்லாத அழுக்குச் சாம்பல் நிறம் பூசியதும் ஒளி பரந்து விழுந்தது. பொம்மைகளுக்கும் மேட் வார்னிஷ் கட்டாயம்.

கம்பி வேலைக்கு 0.1 மி.மீ. எனாமல் பூசிய செம்புக் கம்பி. எனாமலைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாம். சால்டரிங் அயர்ன் நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, கம்பி முனையை அதற்குள் ஓரிரு நொடி பிடித்தால் பூச்சு எரிந்து ஈயம் ஏறிவிடும். சால்டர் செய்யும்போதே பூச்சு எரிந்துவிடும் என்று சொல்லி விற்கிற கம்பியாகப் பார்த்து வாங்க வேண்டும், சில வகைகளில் பூச்சு இந்தச் சூட்டுக்கு அசையாது. எல்.இ.டி.யை இருபக்க டேப்பில் தலைகீழாக ஒட்டி, ஃப்ளக்ஸ் வைத்து, ஈயம் ஏறிய கம்பியை மேலே வைத்து ஒரு நொடி தொட்டால் போதும். இரண்டாவது நொடி நீண்டால் எல்.இ.டி. போய்விடும். எனக்கு மூன்று போயின.

இனி துடிப்பு. எல்.இ.டி.களை நேராக டீகோடரில் (தண்டவாளம் வழியாக வரும் கட்டளையைப் படித்து மோட்டாரையும் விளக்குகளையும் இயக்கும் சிறு மின்பலகை) இணைத்து, அதில் இருக்கும் ஃபயர்பாக்ஸ் எஃபெக்டைப் பயன்படுத்தலாம். பல டீகோடர்களில் அது இருக்கிறது, அவசரத்துக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் கரி போடுவதையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று ஆசை இருந்ததால், டெண்டருக்குள் ஏ.டி.டைனி85 சிப் ஒன்றை வைத்து நானே புரோகிராம் எழுதினேன். டீகோடரின் நீலக் கம்பி பொது நேர்முனை. பச்சையும் ஊதாவும் ஃபங்ஷன் கம்பிகள், இயக்கும்போது அவை எதிர்முனையாகும். நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் 78எல்05 வோல்டேஜ் ரெகுலேட்டர் வைத்து 5 வோல்ட் எடுத்தேன். ஊதாக் கம்பி சிப்பின் ஒரு உள்ளீட்டு முனைக்கு, நடுவில் 1என்4148 டயோடு, கோடு போட்ட முனை ஊதாப் பக்கம். இந்த டயோடு இல்லாவிட்டால், ஃபங்ஷன் அணைந்திருக்கும்போது ஊதாவில் 14 வோல்ட் வரை ஏற வாய்ப்பிருக்கிறது, சிப் தாங்காது. கரி போடும் பட்டனை அழுத்தினால் பச்சை, ஊதா இரண்டும் சேர்ந்து இயங்கும்படி டீகோடரில் அமைத்தேன். ஊதா தனியாக இயங்கினால் சிப்புக்குக் கோணல் வழியில் மின்சாரம் போகும். அதே பட்டனில் மண்வாரிச் சத்தமும் வருகிறது.

ஆம்பர், சிவப்பு எல்.இ.டி.கள் சுமார் 2 வோல்ட் எடுக்கும். மிச்சம் 3 வோல்ட், 2 மில்லி ஆம்பியருக்கு 1,500 ஓம். வார்ம் ஒயிட் 3 வோல்ட் எடுக்கும், அதற்கு 1,000 ஓம். இவை உச்ச அளவுகள். பெரும்பாலான நேரம் புரோகிராம் இதில் கால்வாசி கூடக் கொடுக்காது.

புரோகிராமில் முதலில் செய்த தவறு, ஒளியின் அளவாக 0 (அணைவு) முதல் 255 (உச்சம்) வரை ஏதோ ஒரு எண்ணை எடுத்து அப்படியே அனுப்பியது. அது மின்னல் போல வெட்டியது. பிறகு மாற்றினேன்: 40 முதல் 120 மில்லி நொடிக்கு ஒருமுறை ஒரு இலக்கைத் தேர்ந்தெடுத்து, ஒளி அதை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். இலக்கின் எல்லையும் குறுகியது, அடிப்படை ஒளியில் 15 சதவீதம் மேலே, அதே அளவு கீழே. ஆம்பர் ஜோடிக்கும் சிவப்புக்கும் தனித்தனி இலக்கு. சிவப்பு எப்போதும் ஆம்பரைவிட மெதுவாகவே நகரும். இதனால் நிறமும் லேசாக மாறிக்கொண்டிருக்கும், வெறும் கூடிக் குறைதலாகத் தெரியாது.

கண்ணின் கணக்கு வேறு என்பதையும் சேர்க்க வேண்டியிருந்தது. பாதி ஒளி என்று நாம் நினைப்பது 255-இல் 127 இல்லை, சுமார் 55. இந்தத் திருத்தத்தைச் செய்த பிறகுதான் மங்கலான பகுதியில் அசைவு இயல்பாக வந்தது.

கரி போடும் காட்சிக்கு ஒரு வரிசை எழுதினேன். கதவு திறக்கிறது: கால் நொடிக்குள் நான்காவது எல்.இ.டி. ஏறும். ஒவ்வொரு மண்வாரிக்கும் ஃபயர்மேனின் உடல் ஒளியை மறைப்பதால் மூன்றில் ஒரு பங்கு நொடிக்கு ஒரு சரிவு. புதிய கரி விழுந்த இடம் கொஞ்சம் இருளும், பிறகு அதிலிருந்து வரும் வாயு பற்றிக்கொண்டு மஞ்சள் சுடர் எழும். இதற்காக ஒவ்வொரு சரிவுக்குப் பின்னும் ஆம்பர் கொஞ்சம் இறங்கி, இரண்டு நொடியில் முன்பைவிட மேலே ஏறும். நாலைந்து நொடி இடைவெளியில் ஆறு மண்வாரி, பிறகு கதவு மூடும். கொஞ்சமாகவும் அடிக்கடியும் போடுவதுதான் நல்ல ஃபயர்மேனுக்கு அடையாளம் என்பார்கள். அதனால் வரிசை முடிந்ததும் தானாக நின்றுவிடும்படி வைத்தேன்.

ஹெட்லைட் பக்கம் போவோம். இங்கே தொழிற்சாலையில் வைத்திருந்தது நீல வெள்ளை எல்.இ.டி. என் இன்ஜின், மின் ஹெட்லைட் வந்த காலத்தைச் சேர்ந்தது. பாய்லர் மேல் இருக்கும் சிறு நீராவி டர்பைன் டைனமோவைச் சுற்ற, அதிலிருந்து விளக்குக்கு மின்சாரம். அந்தப் பல்பின் நிறம் தங்க மஞ்சள். அதனால் சுமார் 2,700 கெல்வின் வார்ம் ஒயிட் 0603 ஒன்றை விளக்குக் கூட்டுக்குள் வைத்தேன். டீகோடரிலிருந்து வரும் 14 வோல்ட்டில் எல்.இ.டி.க்கு 3 போக 11 மிச்சம். 1,000 ஓம் வைத்தபோது 11 மில்லி ஆம்பியர் ஓடி, எதிர்ச் சுவரில் வட்டம் போட்டது. 10,000 ஓமும் அதிகம். கடைசியாக 22,000 ஓமில் நின்றேன், அதாவது அரை மில்லி ஆம்பியர். முன்னால் நாலைந்து ஸ்லீப்பர் கட்டைகள் மட்டும் தெரிகின்றன, அவ்வளவு போதும். டைனமோ சுழலத் தொடங்கி வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும் என்பதால், விளக்கு மெல்ல ஏறும்படி டீகோடரில் அமைத்தேன்.

எண்ணெய் விளக்குக் கால இன்ஜினாக இருந்தால் 47,000 ஓம் வைத்து, கிளியர் மஞ்சள் பூச வேண்டும். அந்த விளக்குகள் பாதையைக் காட்டுவதற்காக வைத்தவை இல்லை. ரயில் வருகிறது என்று மற்றவர்களுக்குக் காட்டத்தான். தண்டவாளத்தில் ஒளி விழுந்தால் தவறு என்றே சொல்வேன்.

லென்ஸ் ஒட்டும்போது ஒரு இழப்பு. சூப்பர் குளூ வைத்துவிட்டேன். மறுநாள் காலை லென்ஸின் உட்புறம் முழுக்க வெண்படலம். அந்தப் பசையின் ஆவி மூடிய இடத்தில் இப்படிப் படியும். லென்ஸைப் பெயர்த்து எடுத்துத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. ஒளி ஊடுருவும் பாகங்களுக்கு, காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசைதான் நல்லது.

அதைவிடப் பெரிய விபத்து ஒன்று வரப் பார்த்தது. விளக்குக் கூடு உலோகம், அது உலோகச் சட்டத்தோடு ஒட்டியிருக்கிறது, சட்டம் ஒரு பக்கத் தண்டவாளத்தோடு மின்தொடர்பில் இருக்கிறது. நீலக் கம்பியின் எனாமல் கூட்டின் விளிம்பில் உரசித் தேய்ந்திருந்ததை, தண்டவாளத்தில் வைப்பதற்கு முன் மல்டிமீட்டரில் பார்த்ததால்தான் கண்டுபிடித்தேன். அப்படியே ஓட்டியிருந்தால் டீகோடர் புகைந்திருக்கும். கேப்டான் (Kapton) என்ற மின்காப்பு டேப் ஒரு சுற்று, கம்பி நுழையும் துளையின் விளிம்பை அரத்தால் வழவழப்பாக்கல், மறுபடி மீட்டர். அதன்பின் மின்னோட்டத்துக்குக் கட்டுப்பாடு உள்ள புரோகிராமிங் தடத்தில்தான் முதல் சோதனை. இந்த ஒழுங்கை யாரும் தவிர்க்க வேண்டாம்.

இன்ஜினுக்கும் டெண்டருக்கும் நடுவே புதிதாக நாலு கம்பிகள் போகின்றன. எனாமல் கம்பி இங்கே கூடாது, வளைவில் திரும்பித் திரும்பி ஒடிந்துவிடும். மென்மையான சிலிக்கான் உறை போட்ட பல இழைக் கம்பியும் 1.27 மி.மீ. இடைவெளி பின் சாக்கெட்டும் போட்டு, எல்லாவற்றுக்கும் மேட் கறுப்பு அடித்தேன். என்னிடம் உள்ள மிகக் குறுகிய வளைவில் இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்து நீளத்தை முடிவு செய்தேன்.

தண்டவாள அழுக்கில் விளக்கு சிமிட்டினால் நெருப்புக் காட்சி அந்த நொடியே செத்துவிடும். ரெகுலேட்டருக்கு முன்னால் 220 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கப்பாசிட்டர் வைத்தேன். மொத்தம் சுமார் 7 மில்லி ஆம்பியர்தான் செலவு. 14 வோல்ட்டிலிருந்து 7-க்கு இறங்குவதற்குள் ஐந்தில் ஒரு பங்கு நொடி தாங்கும். சின்னச் சின்ன விடுதல்களுக்கு அது போதும். கப்பாசிட்டர் முதலில் நிரம்பும்போது ஃபங்ஷன் கம்பியில் மின்னோட்டம் எகிறாமல் இருக்க, வரிசையில் 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்று.

ஒளிக்கசிவு கடைசி வேலை, ஆனால் இரண்டு மாலைகளைத் தின்றது. எல்லா எல்.இ.டி.யையும் உச்சத்தில் எரியவிட்டு, இருட்டறையில் இன்ஜினைக் கையில் சுழற்றிப் பார்த்தால் பிளாஸ்டிக் கேப்பின் பக்கச் சுவரே மங்கலாக ஒளிர்வது தெரிந்தது. பாய்லரும் கேப்பும் சேரும் இடத்தில் ஒரு தலைமுடிக் கோடு. உட்புறம் கறுப்பு இரண்டு பூச்சு, கோட்டுக்குக் கறுப்புச் சிலிக்கான் மெல்லிய ஒழுக்கு. அலுமினியத் தாள் டேப் ஒளியை நன்றாக அடைக்கும், ஆனால் மின்சாரமும் கடத்தும். கம்பி இருக்கும் பக்கம் வைக்காமல் இருப்பதே நல்லது.

ஒளியைக் கடைசியாகச் சீர்படுத்தும்போது ஃபோன் கேமராவை நம்ப வேண்டாம். ஆரஞ்சை அது இளஞ்சிவப்பாகக் காட்டும், துடிப்பைப் பட்டைப் பட்டையாகக் காட்டும். பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்து கண் பழகியதும் பார்க்க வேண்டும். நான் அப்படிப் பார்த்த ஒவ்வொரு முறையும் ஒளியைக் குறைத்துக்கொண்டேதான் வந்தேன். கதவு மூடிய நிலைக்கு இப்போது உச்சத்தில் இருபதில் ஒரு பங்குதான் கொடுக்கிறேன்.

முழுதாகப் பூட்டிய பிறகு முதல் ஓட்டம். இருட்டில் ஹெட்லைட் மெல்ல ஏறியது, இன்ஜின் நகர்ந்தது. கேப்பில் ஒரு சிவந்த கோடு மட்டும். பட்டனை அழுத்தினேன். மண்வாரி உரசும் சத்தத்தோடு கேப் கூரை நிறம் மாறியது, டெண்டரின் கரிக் குவியல் விளிம்பு தெரிந்தது, ஃபயர்மேனின் நிழல் டெண்டர் சுவரில் பெரிதாக விழுந்தது. அந்த நிழலை நான் திட்டமிடவே இல்லை, எல்.இ.டி.யை மறைக்க நிறுத்திய கால் தந்தது. ஒவ்வொரு மண்வாரிக்கும் நிழல் ஒருமுறை மங்கித் தெளிந்தது. ஆறாவதுக்குப் பிறகு கதவு மூடியது.

சாம்பல் தட்டுக்கு அடியில், ஸ்லீப்பர் கட்டைகள் மேல் விழும் மங்கிய சிவப்புக்கு ஒரு எல்.இ.டி. இன்னும் வைக்க வேண்டியிருக்கிறது. தண்டவாளத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் எனக்கு இருக்கும் இடைவெளி இரண்டு மி.மீ. 0402-ஐ மெல்லிய பலகையில் ஒட்டினால் பாதி இடம் மிஞ்சும். பலகை வெட்டி வைத்துவிட்டேன்.